பூசை அடுக்கின் ஏழு டயர்கள்

கிராஞ்சி டயர்க் கிடங்கில் ஒருவரின் தாடை உடைக்கப்பட்டதைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. அவர் பழைய டயரைப் புதியது என்று ஏமாற்றி வேனில் பூட்டினார், அது வெடித்து ஓட்டுநரின் தம்பி கால் இழந்தார், ஓட்டுநர் பொறுக்க மாட்டாமல் அடித்தார் என்பது ஒன்று. ஓட்டுநர் குடித்துவிட்டு வேனை மோதினார், பழியை அயலூர்த் தொழிலாளி மேல் போட்டார் என்பது மற்றொன்று. முன்னதைத் தமிழர் கடைவீதியான தேக்காவின் காப்பிக் கடைகளில் கேட்டேன். பின்னதைத் தொழிலாளர் விடுதியில் கேட்டேன். இரண்டும் பொய். இரண்டிலும் நான் இல்லை என்பதே அவை பொய் என்பதற்குச் சான்று. அடித்தவரும் அடிபட்டவரும் தமக்காக எழுதப் போவதில்லை. எழுதத் தெரிந்தவன் என்று ஊரார் சொல்லும் நான் எழுதாமல் இருந்தால், என் வாழ்நாளில் இரண்டாம் முறையாக அதே இடத்தில் வாய் மூடி நின்றவன் ஆவேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் டயர் வணிகர் ஒருவரிடம் சரக்குக் காப்பாளனாக இருந்தேன். கடை தேக்காவில், கிடங்கு கிராஞ்சியில். பாசிர் ரிசில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிடங்குக்குப் போவது தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவது. அந்த நெடும்பயணத்தில்தான் நான் பழந்தமிழ் நூல்களைப் படித்தேன். மாலைகளில் கோயில் மண்டபங்களிலும் நூலக அரங்குகளிலும் பேசினேன். கிடங்கில் எல்லாரும் என்னை வாத்தியார் என்றே அழைத்தனர். டயருக்கு உருளிப்பட்டை என்ற நல்ல சொல் உண்டு. அதை அங்கே புழக்கத்தில் விடப் பல்லாண்டு முயன்று தோற்றேன். இங்கே டயர் என்றே எழுதுகிறேன்.

டயர்க் கிடங்கு அமைதியான இடம் அன்று. டயருக்குக் காற்றடிக்கும் காற்றழுத்தி ஓடும்போது ஒருவர் காதில் ஒருவர் கத்தினால்தான் கேட்கும். சக்கர வளையத்தில் டயரைப் பூட்டிக் காற்றை ஏற்றும்போது, விளிம்பு இடத்தில் அமரும் கணத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழும். இரும்புக் கம்பி கைநழுவி ஒருவரின் முன்பற்களைத் தட்டிச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கூரையின் கீழ் நாளெல்லாம் வெந்த மனிதர்கள் சிறு சொல்லுக்கும் கை ஓங்குவார்கள். நான் மட்டும் கை ஓங்கியதே இல்லை. அது என் பெருமையாக இருந்தது.

ஓடாத டயர் கெடாது என்பது பலருடைய எண்ணம். தவறு. ரப்பர் சும்மா கிடக்கும்போதும் மூப்படைகிறது. வெயில் அதைக் காய்ச்சும். வெப்பம் அதன் நெகிழ்வை வற்றச் செய்யும். மின்மோட்டார்களிலிருந்து தெறிக்கும் தீப்பொறியால் உண்டாகும் ஓசோன் வளி அதன் தோலை மயிரிழை மயிரிழையாகக் கீறும். டீசலும் மண்ணெண்ணெயும் உள்ளே ஊறி, முதலில் பளபளக்க வைத்துப் பின்னர் நைந்துபோக வைக்கும். ஆகவே டயரைச் சோப்பு நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கறுப்பு நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். சக்கர வளையம் பூட்டாத டயரை நிற்க வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சற்றே உருட்டி, தரையைத் தொடும் இடத்தை மாற்ற வேண்டும். வளையம் பூட்டியதைப் படுக்க வைத்து அடுக்கலாம்; நெடுநாள் வைப்பதாயின் காற்றைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும்.

இத்தனையும் எனக்குத் தெரியும். கிடங்கின் பின்பகுதியில் இம்முறை வழுவாமல் நடந்தது. சரக்கு வந்திறங்கும் நாளில் ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களை நானே படித்துக் குறித்துக்கொள்வேன். முதல் இரண்டு, டயர் செய்யப்பட்ட வாரம். அடுத்த இரண்டு, ஆண்டு. மூத்தது முதலில் வெளியே போக வேண்டும் என்பது நான் வகுத்த ஒழுங்கு.

அந்த ஒழுங்குக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதையும் நானே வகுத்தேன்.

ஓராண்டு ஆயுத பூசைக்குப் பீடம் வேண்டியிருந்தது. வேன்களுக்கும் பெரிய கார்களுக்கும் பொருந்தும் ஒரே அளவுள்ள ஏழு டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மேலே பலகை இட்டு, கலைமகள் படத்தை வைத்தோம். மறுநாள் அவற்றைப் பிரிக்க வந்தவர்களை நான் தடுத்தேன். தெய்வம் அமர்ந்ததை விற்கலாகாது என்றேன். முதலாளிக்கும் அது நல்ல பேச்சாகப் பட்டது. அன்றுமுதல் அது பூசை அடுக்கு. அது இருந்தது முன்வாயிலின் அருகே, காற்றழுத்தியை ஒட்டி. பிற்பகல் வெயில் நேராக அதன்மேல் விழும். ஒவ்வோர் ஆண்டும் பூசைக்கு முதல்நாள் டீசல் நனைத்த துணியால் ஏழையும் தேய்த்துக் கருகருவென்று ஆக்குவோம். பிறகு நான் என் கையால் சந்தனமும் குங்குமமும் இடுவேன். பக்கச்சுவரில் எழுத்துகள் இல்லாத வழவழப்பான இடம் குறைவு. நான்கு இலக்கங்கள் இருக்கும் சிறு முட்டை வடிவக் கட்டமே சந்தனப் பொட்டுக்கு வாகாக இருந்தது. ஆண்டுதோறும் அங்கேதான் இட்டேன்.

அடுக்கு அமைந்து ஏழாண்டு நிறையும் பூசைக்கு இரண்டு மாதம் முன்பு, நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கிடங்கு வேலைக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. ஊரில் தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் ஒட்டும் பட்டறையில் வளர்ந்தவர். டயரைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று சொல்லுவார். பூசைக்கு முதல்நாள் நான் டீசல் கலனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"டயருக்கு டீசல் ஆவாதுங்க ஐயா. தோலு நைஞ்சு போயிரும். வெறுந்தண்ணில தொடச்சுக் குடுக்கிறனுங்க" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. அடுக்கு இருக்கும் இடமே தப்பு, வெயிலும் காற்றழுத்தி மோட்டாரும் சேர்ந்து தின்னுகிறது, அடியில் இருப்பவை நசுங்கியிருக்கும் என்று எல்லார் முன்னிலும் சொன்னார். நான் பிறருக்குக் கற்பித்த பாடத்தை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. பூசைக்கு உரியதில் தலையிட வேண்டாம் என்று கூறி, நானே துணியில் டீசலைச் சாய்த்தேன். அவர் கலனைப் பற்றினார். இருவர் பிடியிலும் நழுவி அது விழுந்தது. பூத்தட்டிலும் தேங்காய்களின் மேலும் டீசல் பரவியது.

கடையின் வேன் ஓட்டுநர் அருகில் நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பருத்த உடல், தெய்வப்பற்று மிக்கவர். "டேய், சாமி தட்டுல கொட்டுற? யார்ரா நீ?" என்று சொல்லிக்கொண்டே அறைந்தார். காற்றழுத்தியின் இரைச்சலையும் மீறி அந்த ஓசை கேட்டது. இரண்டாம் அறையில் நாமக்கல்காரரின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவர் கையை உயர்த்தவில்லை. நான் என் விரல்களில் இருந்த டீசலைத் துடைத்துக்கொண்டேன். பிறகு, வேறு தட்டு கொண்டுவரச் சொன்னேன். அடுக்கைத் தேய்க்கும் வேலையை வேறொருவர் செய்து முடித்தார்.

சில மாதங்கள் சென்றன. எங்கள் வேனின் முன்சக்கர டயர்கள் இரண்டும் தேய்ந்து வழுக்கின. அந்த வாரம் வேன் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். அந்த அளவு கிடங்கில் தீர்ந்திருந்தது, கப்பல் வரவில்லை. முதலாளி தொலைபேசியில் கேட்டபோது, புத்தம் புதியவை ஏழு இருக்கின்றன என்றேன். விற்கலாகாது என்றேனே தவிர, நம் வேன் நம்முடையது, தெய்வமே தாங்கட்டும் என்று விளக்கமும் சொன்னேன். முதலாளி மகிழ்ந்தார்.

மேலே இருந்த இரண்டை எடுத்துப் பூட்டும்படி நாமக்கல்காரரிடம் கூறினேன். அவர் ஒன்றை மடியில் வைத்து, காய்ந்து இறுகிய சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். இலக்கங்கள் தெரிந்தன.

"ஏழு வருசத்துக்கு மேல ஆச்சுங்க ஐயா."

"ஓடாத டயருக்கு வயது இல்லை" என்றேன். இச்சொற்றொடரை நான் முன்பே சிலரிடம் சொல்லியிருந்தேன். அதன் அழகு எனக்குப் பிடித்திருந்தது.

அவர் டயரின் பக்கச்சுவரை முழங்காலில் வைத்து மடக்கி, வந்து பாருங்கள் என்றார். என் மூக்குக் கண்ணாடி மேசைமேல் இருந்தது. பத்தடி நடந்து அதை எடுத்து வந்திருக்கலாம். நான் போகவில்லை. தாம் இதைப் பூட்டப் போவதில்லை என்று அவர் தாழ்ந்த குரலில் கூறினார்.

நான் அவரிடம் சொன்னது இது. எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "வேலை செய்ய விருப்பம் இல்லாதவர்கள் ஊருக்குத் திரும்பலாம். முதலாளியிடம் சொல்லட்டுமா?"

கை ஓங்காதவன் என்று நான் பெருமைப்பட்டதைக் கூறினேன். இந்நாட்டில் வேலை அனுமதிச் சீட்டோடு இருக்கும் ஒருவரிடம், குடிமகன் ஒருவன் அந்தச் சொற்களைச் சொல்ல எந்தக் கையும் ஓங்க வேண்டியதில்லை. அவர் பூட்டும் கம்பியை எடுத்தார். பிறகு டயரை வளையத்தில் பூட்டினார். காற்று ஏறியது, விளிம்பு வெடியோசையோடு அமர்ந்தது. நான் திடுக்கிட்டேன், அவர் அசையவில்லை. வேலைத் தாளில் பூட்டியவர் என்ற இடத்தில் அவர் ஒப்பமிட்டார். எடுத்துக் கொடுத்தவர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டேன்.

வேன் புறப்படும்போது அவர் ஓட்டுநரின் சாளரத்துக்குச் சென்றார். முன்பு தம்மை அறைந்த அதே மனிதரிடம், "அண்ணா, இது ஆவாத டயருங்க. விரசா ஓட்டாதீங்க. புதுசு வந்ததும் மாத்திரலாம்" என்றார்.

"சாமி டயர்லா. சாமி பாத்துக்கும். நீ போய் அடுக்கு" என்றார் ஓட்டுநர். பக்கத்து இருக்கையில் அவர் தம்பி இருந்தார். அண்ணனோடு சரக்கு இறக்கும் வேலை பார்ப்பவர், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிப்பவர். "டாக்டர் சொல்றாருண்ணே, கேட்டுக்க. டயருக்கெல்லாம் டாக்டர்" என்றார். நாமக்கல்காரரும் சிரித்தார். அவர் அங்கே சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். நிறைந்த சுமையோடு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்த வேனின் இடப்பக்க முன் டயர் வெடித்தது. நான் அங்கு இல்லை. ஓட்டுநர் பின்னர் சொன்னதையும் காவலர் சொன்னதையும் கொண்டே எழுதுகிறேன். பக்கச்சுவர் முழுவதும் ஒரே கிழிப்பாய்ப் பிய்ந்து போனது. திசைதிருப்பும் சக்கரம் ஓட்டுநரின் கையை முறித்துவிடுவதுபோல் சுழன்றது. வேன் இடப்புறம் பாய்ந்து இரும்புத் தடுப்பின் முனையில் ஏறியது. அம்முனை இடக் கதவைக் கிழித்து உள்ளே புகுந்தது. பின்னால் அடுக்கியிருந்த டயர்கள் முன்னிருக்கைகளின் மேல் வந்து மோதின. தம்பியின் இடக்கால் கதவுக்கும் முகப்புப் பலகைக்கும் இடையே நசுங்கியது. தீயணைப்பாளர்கள் தகட்டை வெட்டி எடுக்கும் வரை அண்ணன் அவர் தலையைத் தம் தோளில் தாங்கியிருந்தார். தம்பி வலியால் கத்தவில்லையாம். தம் செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி திரும்பத் திரும்பக் கேட்டாராம். இருக்கிறது என்று அண்ணன் சொன்னாராம். மாலைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஓட்டுநர் கிடங்குக்கு வந்தார். அவரோடு இருவர் வந்தனர். அவர்களை எனக்குத் தெரியாது. சட்டையில் தம்பியின் குருதி கறுத்துப் படிந்திருந்தது, அவர் மாற்றவில்லை. நான் வாயிலருகே பதிவேட்டோடு நின்றேன். எனக்குத் தலையசைத்துவிட்டு என்னைக் கடந்து போனார். பின்பகுதியில் டயர்களை உருட்டி வைத்துக்கொண்டிருந்த நாமக்கல்காரரைச் சட்டைக் கழுத்தில் பற்றி இழுத்து வந்து, பூசை அடுக்கில் எஞ்சியிருந்த ஐந்து டயர்களின்மேல் தள்ளினார்.

"முன்னாடியே சொன்னல்ல? வெடிக்கும்னு ஒனக்கு எப்புடிடா தெரியும்? ஏதோ செஞ்சுதான சொன்ன?"

அன்று அறைந்ததற்குப் பழி தீர்த்தான் என்று அவர் நம்பினார். எச்சரித்ததே சான்று ஆயிற்று. நாமக்கல்காரர், டயர் பழசுங்க, நான் பூட்ட மாட்டன்னு சொன்னனுங்க, ஐயாவைக் கேளுங்க என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு குத்துகள் விழுந்தன. உடன் வந்த இருவரும் அவர் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தனர். வயிற்றில் விழுந்த குத்தில் அவர் மடங்கினார். முடியைப் பற்றி நிமிர்த்தி மறுபடி குத்தினார் ஓட்டுநர். வேலையாட்கள் சுற்றி நின்றனர். காற்றழுத்தியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது.

பிறகு ஓட்டுநர் கையை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. கண்களில் நீர் வழிந்தது.

"வாத்தியாரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. டயர் புதுசா, பழசா?"

நாமக்கல்காரர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு கண் அதற்குள் மூடிவிட்டது.

"அவை ஓடாத டயர்கள்" என்றேன்.

பொய் அன்று. அதில் ஒரு சொல்லையும் எவரும் மறுக்க இயலாது. ஓட்டுநர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். திரும்பி, முழு உடலையும் சேர்த்து ஒரு குத்து விட்டார். பச்சைக் கொம்பு முறியும் ஓசை கேட்டது. நாமக்கல்காரரின் கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகித் தொங்கியது. இரண்டு பற்கள் சிமெண்டுத் தரையில் தெறித்து, ஒன்று என் காலணியருகே வந்து நின்றது. அதன்பிறகே மற்றவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். நான் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்ததாகப் பின்னர் ஒருவர் சொன்னார்.

மருத்துவமனையில் தாடைக்குக் கம்பி கட்டினார்கள். அடுக்கிலிருந்து விழுந்ததாக அவர் எழுதிக் காட்டினாராம். புகார் செய்தால் வேலை போய்விடும் என்ற அச்சம். புகார் செய்யாமலே அது போக இருந்தது. வெடித்த டயரைக் காவலர் எடுத்துச் சென்றிருந்தனர். ஆய்வு முடிய நாளாகும். முதலாளி காத்திருக்க விரும்பவில்லை. அடித்தவரும் கால் இழந்தவரும் இந்த ஊர். அடிபட்டவர் போய்விட்டால் பேச்சு அடங்கும் என்று நினைத்தார். வேலை அனுமதியை நீக்கிவிட்டு, திங்கட்கிழமை வானூர்தியில் அவரை அனுப்புவதாக முடிவாயிற்று. ஒருவரின் காலை வாங்கியவர் என்ற பெயரோடு போவார். இந்நாட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் போவார்.

சனிக்கிழமை பிற்பகல் கிராஞ்சியில் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்றேன். பழம் வாங்கிப் போனேன். தாடை கட்டியவருக்குப் பழம். அவர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் ஒரு பக்கம் ஊதிக் கறுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நான் பேசிய தமிழ் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் கையமர்த்தினார். கைப்பேசியில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினார். கண்ணாடியை அணிந்து படித்தேன்.

"மீதி அஞ்சு டயரு இன்னும் வெயில்லதான் கெடக்குது ஐயா. பளபளன்னு இருக்குது. யாராச்சும் புதுசுன்னு பூட்டிருவாங்க."

இவ்வளவே எழுதியிருந்தார். தம் பயணத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போனேன். மேலிருந்த டயரை எடுத்து, சந்தனத்தைச் சுரண்டி, முழங்காலில் வைத்து மடக்கினேன். கண்ணாடி கண்ணிலேயே இருந்தது. வழவழவென்று தெரிந்த கருந்தோலில் நூறு வெடிப்புகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தன.

ஞாயிற்றுக்கிழமை அந்த டயரை வாடகைக் காரில் ஏற்றித் தேக்காவுக்குக் கொண்டு சென்றேன். விடுமுறைக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. கார் நின்ற இடத்திலிருந்து கடை வரை உருட்டிச் சென்றேன். வேட்டி கட்டிய கிழவன் டயர் உருட்டுவதைப் பார்த்துத் தொழிலாளர்கள் வழிவிட்டனர், சிலர் சிரித்தனர். கடையில் முதலாளி இருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த ஓட்டுநரும் இருந்தார்.

இருவர் முன்னிலும் பக்கச்சுவரை மடக்கிக் காட்டினேன். ஏழாண்டுக்கும் மேற்பட்டது, வெயிலிலும் மோட்டாரருகிலும் என் சொற்படி கிடந்தது, டீசல் தேய்க்கச் சொன்னவன் நான், சந்தனம் இட்டு ஆண்டை மறைத்தவன் நான், பூட்ட மறுத்தவரை ஊருக்கு அனுப்புவேன் என்று அச்சுறுத்திப் பூட்ட வைத்தவன் நான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலைத்தாளில் என் ஒப்பத்தைக் காட்டினேன்.

முதலாளி முதலில் பேசினார். "அண்ணே, இத இங்க இப்படிச் சொல்லணுமா? போலீஸ் வரைக்கும் போகுமே" என்றார். போகத்தான் வேண்டும் என்றேன்.

ஓட்டுநர் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பில் நகத்தை விட்டார். நகம் முழுவதும் உள்ளே போயிற்று.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல" என்றார். "ஓடாத டயர்னு சொன்னீங்க."

"ஆம்."

"அவன் அடி வாங்குறத நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க. எவ்ளோ நேரம் சார் நின்னீங்க?"

அடுத்த கணம் என் முகத்தில் குத்து விழுந்தது. நான் டயரோடு சேர்ந்து பின்னால் விழுந்தேன். ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது. எலும்பு முறிவதை வெளியிலிருந்து முன்பே கேட்டிருந்தேன். உள்ளிருந்து கேட்பது வேறு. இரண்டாம் குத்து வரும் என்று கண்ணை மூடினேன். வரவில்லை. முதலாளி தடுத்ததாக நினைத்தேன், அவரும் தடுக்கவில்லை. ஓட்டுநர் கடையின் இரும்புக் கதவைக் குத்திக்கொண்டிருந்தார். நாமக்கல்காரரின் தாடையை உடைத்த அதே வலக்கை. கதவின் அலைத்தகட்டில் குருதி வழியும் வரை குத்தினார். வெளியே கூட்டம் நின்று பார்த்தது.

காவலரிடம் நான் வாக்குமூலம் கொடுத்தேன். தாடை உடைந்த கதையும் அதில் வெளிவந்தது. ஓட்டுநர் அதை மறுக்கவில்லை, உரிய தண்டனையை ஏற்றார். திங்கட்கிழமை வானூர்தி நாமக்கல்காரர் இல்லாமல் போயிற்று. நீக்க விண்ணப்பித்த வேலை அனுமதியை முதலாளி திரும்பக் கேட்டுப் பெற்றார். நான் காவலரிடம் போன பிறகு அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. எனக்கு வேலை இல்லாமல் போனது. அது முறைதான்.

கிடங்கை ஒப்படைக்கப் போன நாளில், பொறுப்பேற்க நின்றவர் நாமக்கல்காரர். தாடைக் கம்பி இன்னும் அவிழவில்லை. சாவிக்கொத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வளைகத்தி ஒன்றை எடுத்தார். தேக்காவிலிருந்து திரும்பி வந்த ஒன்றையும் சேர்த்து, பூசை அடுக்கின் டயர்கள் ஐந்தையும் தரையில் கிடத்தினார். ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் கத்தியைக் குத்தி இழுத்தார். இனி எந்த வளையமும் அதை ஏற்காதபடி, சுற்றிலும் அறுத்தார். கட்டுப்போட்ட கையோடு நான் மறுகையால் டயர் நழுவாமல் பிடித்துக்கொண்டேன். முறிந்த தாடையோடு பல்லைக் கடிக்க முடியாததால் ஒவ்வோர் இழுப்புக்கும் அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஐந்தாவது முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். 

இப்போது அங்கே பூசைக்கு மரப்பெட்டி ஒன்று பீடமாக இருக்கிறது. டயர்களை நீரால் மட்டும் துடைக்கிறார்கள். ஓட்டுநர் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவரும் நாமக்கல்காரரும் சரக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். தம்பி செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு கடையில் அமர்ந்திருக்கிறார். போன மாதம் கடைப்பக்கம் போனபோது என்னைக் கண்டு, வாங்க வாத்தியாரே, என் கால் புதுசு, ஆனா ரொம்ப ஓடுது என்றார். நான் சிரிக்க முயன்றேன்.

இக்கட்டுரையின் படி ஒன்றை நாமக்கல்காரருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினார். வளையம் பூட்டிய டயரைப் படுக்க வைத்து அடுக்கலாம் என்று எழுதியது சரி. ஆனால் நெடுநாள் வைப்பதாயின் காற்றைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சேர்த்துவிட்டேன். 

படிப்போரில் அன்று கிடங்கில் நின்றவர்கள் இருக்கலாம். எத்தனை அடி விழுந்தது, யார் முதலில் ஓடி வந்து பிடித்தார், என் வாயிலிருந்து வந்தது நான் எழுதியபடிதானா, அல்லது அதைவிடக் கீழானதா என்பதில் என் நினைவு என் பக்கமே சாய்ந்திருக்கக் கூடும். டயர் பேணும் முறையில் பிழை இருந்தாலும், அந்த மனிதரைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். முன்பு ஒருவர் டயரை மடியில் வைத்துக்கொண்டு என் பிழையைக் காட்டினார். கண்ணாடியை எடுக்கப் பத்தடி நடக்க மறுத்தேன். இம்முறை நடந்து வருகிறேன்.